ஏழை என்பதற்குச் சான்று எதற்கு?

நாட்டிலே ஒருவர் செல்வந்தர் என்பதை மெய்ப்பிக்க யாரும் அவரிடம் சான்று கேட்பதில்லை. அவருடைய மாளிகை சொல்லும்; வாசலில் நிற்கும் மோட்டார் சொல்லும்; மகள் திருமணத்திலே கொட்டிய வெளிச்சம் சொல்லும். ஆனால் ஒருவர் ஏழை என்றால், அதை மெய்ப்பிக்க அவர்தாம் நடையாய் நடக்க வேண்டும். ஒட்டிய வயிறு சாட்சி ஆகாது. ஒழுகும் கூரை சாட்சி ஆகாது. ஒட்டுப் போட்ட சேலை சாட்சி ஆகாது. வருமானச் சான்று வேண்டும்! அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் எழுத வேண்டும், வருவாய் ஆய்வாளர் பார்க்க வேண்டும், தாசில்தார் ஒப்பமிட வேண்டும். இதற்காக ஓடியதில் இழந்தது எத்தனை நாள் கூலி என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை.

இவ்வளவு அலைந்த பிறகும், "உங்க பேரு லிஸ்ட்ல இல்லம்மா" என்ற ஒற்றை வரியைக் கேட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பொருட்டே இதனை எழுதுகிறோம்.

'அனைவருக்கும் அடிப்படை வருமானம்' என்ற கருத்து இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. பொருள் எளிது. நாட்டிலே வாழும் ஒவ்வொருவருக்கும், ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல், ஏழையா பணக்காரரா என்று பிரிக்காமல், வேலையில் இருக்கிறாரா இல்லையா என்று துருவாமல், மாதந்தோறும் ஒரு தொகையை அரசு அவரவர் கையில் கொடுப்பது. அவ்வளவே. நிபந்தனை இல்லை, சான்று இல்லை, குடும்பத் தலைவர் என்ற ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மற்றவர்களை அவர் முகம் பார்த்து நிற்க வைப்பதும் இல்லை.

கேட்டவுடன் சிலர் சிரிக்கிறார்கள். "எல்லோருக்குமா? கோடீஸ்வரருக்குமா? ஏழையைத் தேடிப் பிடித்து அவனுக்கு மட்டும் கொடுப்பதுதானே அறிவுடைமை?" என்கிறார்கள். அறிவுடைமை போலத்தான் தெரிகிறது. ஆனால் ஏழையைத் தேடிப் பிடிக்கப் புறப்பட்ட சல்லடை, இந்த நாட்டிலே எதைப் பிடித்தது, எதைக் கீழே விட்டது என்ற கணக்கை அவர்கள் பார்த்ததுண்டா? நாம் பார்ப்போம்.

சல்லடை பிடித்த கதை

1997 ஜூன் மாதத்தில் மத்திய ஆட்சியாளர்கள் ரேஷன் முறையிலே ஒரு கோடு கிழித்தார்கள். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மலிவு விலையில் தானியம்; மேலே இருப்பவர்களுக்குக் கூடுதல் விலை. உதவி உரியவர்களுக்கே போய்ச் சேரும், வீண் செலவு ஒழியும் என்றார்கள். காதுக்கு இனிய பேச்சு. கண்ட பலன் என்ன?

2005-இல் திட்டக் கமிஷனே மதிப்பீடு செய்தது. மானிய விலையில் அனுப்பப்பட்ட தானியத்தில் ஏறத்தாழ 58 சதவிகிதம், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களைச் சென்றடையவில்லை என்று அந்த மதிப்பீடு கூறியது. ஏழையை அடையாளம் காண்பதில் நேர்ந்த பிழையும், நடுவழியில் நடந்த முறைகேடும் காரணங்கள் என்றது. 2004–05-ஆம் ஆண்டுத் தேசிய மாதிரி ஆய்வோ இன்னொரு கொடுமையைக் காட்டியது. நாட்டின் ஏழைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஏழைக்குரிய அட்டையே இல்லை! ஏழைக்கு மட்டும் என்று சொல்லி வகுத்த திட்டம், ஏழைகளில் பாதிப் பேரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

தமிழகம் அந்தக் கோட்டைக் கிழிக்க மறுத்தது. ரேஷன் அட்டை எல்லோருக்கும் உண்டு என்ற முறையை விடாமல் வைத்துக்கொண்டது. அரிசி அட்டையா, சர்க்கரை அட்டையா, பொருள் எதுவும் வேண்டாத அட்டையா என்று மக்களே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டது. வசதி படைத்தவர்களில் பலர் வரிசையில் வந்து நிற்கவில்லை, தாமாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். வரிசையில் நின்றவரை, "நீ ஏழைதானா?" என்று கேட்டு யாரும் அவமதிக்கவும் இல்லை. மற்ற மாநிலங்களிலே வறுமைக் கோட்டுப் பட்டியல் ஊர்ச் சண்டையாக மாறிய காலத்தில், இங்கே கடை எல்லோருக்கும் திறந்திருந்தது. எல்லோருக்கும் உரிய கடை என்பதனால், அரிசி கெட்டிருந்தால் எல்லோருமே சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தம்தான் கடையைக் காப்பாற்றியது.

சல்லடையின் துளை எப்படி அமைகிறது என்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மனு எழுதத் தெரிந்தவர், அலுவலகத்திலே ஆள் தெரிந்தவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கக்கூடியவர் எளிதில் உள்ளே போய்விடுகிறார். செங்கல் சூளையைத் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் போனவர், எழுத்தறியாத கைம்பெண், பெயரிலே ஒரு எழுத்து மாறிப்போன முதியவர் ஆகியோர் சிக்கிக்கொள்கிறார்கள். எவருக்கு உதவி மிக அதிகமாகத் தேவையோ, அவருக்கே சான்று காட்டுவது மிகக் கடினம்.

2019-இல் மத்திய அரசு தொடங்கிய உழவர் உதவித் திட்டத்தையே பாருங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய். யாருக்கு? தம் பெயரில் நிலம் உள்ளவருக்கு. அந்த நிலத்திலே சேற்றில் இறங்கி நாற்று நட்ட கூலிப் பெண்ணுக்கு இல்லை. பட்டா இல்லாமல் வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்து உழுதவனுக்கும் இல்லை. உழவன் பெயரால் வந்த பணம், உழுகிறவனைத் தாண்டிப் போயிற்று!

ஏழைக்கு மட்டும் என்றால்

இன்னொரு கேடும் உண்டு. ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கிய திட்டத்துக்கு ஊரிலே குரல் இருப்பதில்லை.

வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு ஓய்வூதியம் தரும் தேசியத் திட்டம் 2007-இல் விரிவுபடுத்தப்பட்டபோது, மத்திய அரசின் பங்கு ஆளுக்கு மாதம் 200 ரூபாய். அரிசி விலை ஏறியது. எண்ணெய் விலை ஏறியது. மருந்து விலை ஏறியது. 2023 வந்தது. எண்பது வயதை எட்டாத முதியவருக்கு அப்போதும் அதே 200 ரூபாய்தான்! அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி கணக்கிடுகிறார்கள். அதை நாம் குறை கூறவில்லை. அது உழைப்பவர் போராடிப் பெற்றது. ஆனால் சங்கமும் இல்லாத, சாலை மறியலுக்கு வர முழங்காலில் வலுவும் இல்லாத பாட்டிக்கு விலைவாசி ஏறவில்லையா என்று கேட்கிறோம். தாசில்தாரின் தாயாரும் வழக்கறிஞரின் தந்தையாரும் அதே ஓய்வூதியத்தை வாங்குகிறவர்களாக இருந்திருந்தால், அந்த 200 ரூபாய் பதினாறு ஆண்டுகள் அசையாமல் கிடந்திருக்குமா?

தமிழகத்திலே 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. உதவித் தொகை என்று சொல்லாமல் 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலே உழைப்பவளின் உழைப்புக்கு ஊதியமே இல்லை என்ற பழைய அநீதியை அந்தப் பெயர் சுட்டிக்காட்டியது. பெயரை மனமார வரவேற்கிறோம். ஆனால் உரிமை என்று சொன்ன பிறகும், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நிலம் இத்தனை ஏக்கருக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்று சல்லடை வந்தது. ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் பேர் மனுச் செய்தார்கள். முதலில் தேர்வானவர்கள் 1 கோடியே 6 லட்சம் பேர். மறுக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். வாக்குரிமைக்கு மின்சார அளவு கேட்பதில்லையே! உரிமை என்று பெயர் வைத்தால், அது உரிமையைப் போல எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே நம் வாதம்.

பங்கு கேட்ட பெயின்

இது புதிதாக முளைத்த கருத்தல்ல. மனித உரிமைக்காகவும் பகுத்தறிவுக்காகவும் பேனா பிடித்த தாமஸ் பெயின், 1797-இலேயே ஒரு சிறு நூல் வெளியிட்டார். நிலம் இயற்கையிலே அனைவருக்கும் பொது. அதை வேலியிட்டுத் தமதாக்கிக்கொண்டவர்கள் மற்றவர்களுக்குக் கடன்பட்டவர்கள் என்றார். இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்திலிருந்து வரி வாங்கி ஒரு நிதி அமைக்க வேண்டும். இருபத்தொரு வயது வந்த ஒவ்வொருவருக்கும் 15 பவுனும், ஐம்பது வயதை எட்டிய ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் 10 பவுனும் தர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஏழைக்கு மட்டுமா? இல்லை, பணக்காரருக்கும் சேர்த்தே. இது தருமம் அல்ல, பிறப்பால் வந்த பங்கு. ஆகவே இதிலே பாகுபாடு கூடாது என்பது அவர் கொள்கை.

பெயின் எழுதியது ஏட்டோடு நின்றதா? அமெரிக்காவின் வடகோடியிலே, பனி மூடிய அலாஸ்கா மாநிலத்திலே, எண்ணெய் கிடைத்தது. மண்ணுக்கடியில் உள்ள எண்ணெய் மக்களுடையது என்று அங்கே முடிவு கட்டினார்கள். எண்ணெய் உரிமப் பணத்திலே குறைந்தது கால் பங்கை ஒரு நிரந்தர நிதியில் போட வேண்டும் என்று 1976-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1982-இல் அந்த நிதியின் வருவாயிலிருந்து ஒவ்வொருவருக்கும், பால் குடிக்கும் குழந்தைக்கும் கூட, 1,000 டாலர் கிடைத்தது.

அங்கேயும் முதலில் ஒரு சல்லடை வைக்கத்தான் பார்த்தார்கள். 1959 முதல் அங்கே வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 50 டாலர் என்று, பழங்குடியினருக்கும் பழைய குடியேறிகளுக்கும் அதிகம், புதிதாக வந்தவருக்குக் குறைவு என்று சட்டம் செய்தார்கள். வழக்கு அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. அந்தப் பாகுபாடு செல்லாது என்று 1982-இல் தீர்ப்பு வந்தது. அதன் பிறகே சமபங்கு. தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இறங்கும். ஆனால் பங்கு என்ற கொள்கை நிலைத்துவிட்டது. இதைக் கொண்டுவந்த கவர்னர் ஜே ஹாமண்ட் பொதுவுடைமைக்காரர் அல்லர், ரிப்பப்ளிகன் கட்சிக்காரர்!

சோம்பேறி ஆகிவிடுவார்களாம்!

"சும்மா பணம் கொடுத்தால் எவன் வேலைக்குப் போவான்? கள்ளுக்கடைக்குத்தான் போவான்" என்று ஒரு கூட்டம் கத்துகிறது. பழைய பல்லவி இது. 1834-இல் இங்கிலாந்து சீமான்கள் இதே பல்லவியைப் பாடித்தான், கிராமத்து ஏழைக்குக் கிடைத்துவந்த உதவியை வெட்டினார்கள். உதவி வேண்டுமானால் ஏழை விடுதிக்குள் வா, கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம் என்றார்கள். வறுமையைக் குற்றமாக்கிய சட்டம் அது. ஏழையின் சோம்பலைப் பற்றிப் பேசியவர்களில் எத்தனை பேர் ஏர் பிடித்தவர்கள் என்று வரலாறு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வாதத்தை விட்டுவிட்டு, நம் நாட்டிலேயே நடந்த சோதனைக்கு வருவோம். 2011, 2012 ஆண்டுகளில் மத்தியப் பிரதேசத்திலே, இந்தூர் வட்டாரத்தில், 'சேவா' என்ற பெண் தொழிலாளர் சங்கம், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபின் பொருளுதவியுடன் ஒரு முயற்சி செய்தது. எட்டுக் கிராமங்களில் இருந்த ஒவ்வொருவருக்கும் பணம். பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய். பிறகு 300, 150 என்று உயர்த்தினார்கள். ஒரு பழங்குடிக் கிராமத்திலும் இதே முறை நடந்தது. பணம் கொடுக்காத கிராமங்களோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

சாராயத்துக்குச் செலவு பெருகவில்லை. பிள்ளைகளின் உணவு மேம்பட்டது. பெண் குழந்தைகளின் எடை கூடியது. பள்ளிக்கூட வருகை உயர்ந்தது. சிலர் ஆடு மாடு வாங்கினார்கள். சிலர் விதையும் உரமும் வாங்கித் தம் சொந்தத் துண்டு நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள். வட்டிக்காரனிடம் போவது குறைந்தது. வேலை குறையவில்லை, அடிமை வேலைதான் குறைந்தது. மாற்றான் நிலத்திலே கடனுக்காக உழைத்தவன் தன் நிலத்திலே உழைத்தால், அதற்குப் பெயர் சோம்பலா?

வெளிநாட்டுச் சோதனைகளும் இதையே சொல்கின்றன. கனடாவின் டாஃபின் நகரத்திலே 1974 முதல் 1979 வரை, எந்தக் குடும்பத்தின் வருமானமும் ஓர் அளவுக்குக் கீழே போகாமல் தாங்கிப் பிடித்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்த பேராசிரியை எவலின் ஃபோர்ஜெட், அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்த்த மற்ற மக்களைவிட 8.5 சதவிகிதம் குறைந்தது என்று கண்டார். பின்லாந்து 2017, 2018 ஆண்டுகளில் வேலையற்ற 2,000 பேருக்கு மாதம் 560 யூரோவை நிபந்தனையின்றிக் கொடுத்தது. அவர்கள் வேலை தேடுவதை நிறுத்தவில்லை. மற்றவர்களைவிடச் சற்று அதிகமான நாட்களே வேலை செய்தார்கள். மனக்கவலையும் குறைந்தது. நாளைய சோற்றைப் பற்றிய அச்சம் நீங்கினால் மனிதன் படுத்துக்கொள்வதில்லை; நிமிர்ந்து நிற்கிறான்.

பணக்காரருக்கும் ஏன்? பணம் எங்கே?

கோடீஸ்வரருக்கும் கொடுப்பதா என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. ஒரு கையால் கொடு. மறு கையால் வரியாக வாங்கிக்கொள். சல்லடை கூடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அதை மேலே பிடி என்கிறோம். கோடீஸ்வரர்கள் சிலர், அவர்களுக்குக் கணக்கர் உண்டு, கணக்கு உண்டு, வரி அலுவலகம் உண்டு. ஏழைகள் கோடிக்கணக்கானவர்கள், அவர்களுக்கு இருப்பது கைரேகை ஒன்றுதான். எண்ணிக்கையில் சிலரைச் சலிப்பதை விட்டுவிட்டு, கோடிப் பேரைச் சலிக்கப் புறப்படுவது எந்த ஊர்ச் சிக்கனம்?

பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. 2017 ஜனவரியில் வெளியான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் வகுத்த கணக்கு அது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 7,620 ரூபாய், மக்களில் 75 சதவிகிதம் பேருக்குக் கொடுத்தால், நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.9 சதவிகிதம் செலவாகும் என்றது. பெருந்தொகைதான். ஒரே நாளில் ஆகிவிடும் என்று நாம் பசப்ப மாட்டோம்.

ஆனால் தொடங்க முடியுமா முடியாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2022-இல் இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்கள் ஏறத்தாழ 15 கோடிப் பேர். அவர்கள் அனைவருக்கும், ஒருவர்கூட விடாமல், மாதம் 1,000 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய் ஆகும். மலைப்பாக இருக்கிறதா? 2019 செப்டம்பர் 20 அன்று, பெரிய கம்பெனிகளின் வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாகக் குறைப்பதாக மத்திய அரசு அறிவித்தது. அதனால் ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதி அமைச்சரே சொன்னார். பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் வேண்டிய தொகையில் ஐந்தில் நான்கு பங்கு, ஓர் அறிவிப்பிலே கம்பெனிகளுக்குப் போயிற்று! அன்று எவரும் கம்பெனிகளைப் பார்த்து, "இலவசம் வாங்கினால் சோம்பேறி ஆகிவிடுவீர்களே" என்று கேட்கவில்லை. வருமானச் சான்றும் கேட்கவில்லை.

கடையை மூடாதே!

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கருத்தை ஏந்தி வருகிறவர்கள் எல்லோரும் ஏழையின் தோழர்கள் அல்லர். கையிலே காசைத் திணித்துவிட்டு, ரேஷன் கடையை மூடு, ஆஸ்பத்திரியை விற்றுவிடு, பள்ளிக்கூடத்தைத் தனியாரிடம் கொடு என்போரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. புதுச்சேரியிலே 2015-இல் ரேஷன் தானியத்துக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அரிசியைக் கொடு, கடையைத் திற என்ற குரல் அங்கே பல ஆண்டுகள் ஒலித்தது. விலை ஏறும்போது காசு சுருங்கும். படி அரிசி சுருங்காது என்பதைத் தாய்மார்கள் எந்தப் பொருளாதார நூலும் படிக்காமலே அறிவார்கள்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. அரிசியும் வேண்டும், பள்ளியும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். அவற்றின் மேல் ஒவ்வொருவர் கையிலும் அடிப்படை வருமானம் வேண்டும். ஒன்றைப் பிடுங்கி மற்றொன்றைக் கொடுப்பது பேரம்.

முதல் படியாக, அறுபது வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும், வறுமைக் கோட்டுப் பட்டியலைப் புரட்டாமல் ஓய்வூதியம் கொடுங்கள். வயதுக்கு ஒரு சான்று போதும். வறுமைக்குச் சான்று வேண்டாம். தொகையை விலைவாசியோடு சேர்த்துக் கட்டுங்கள். பதினாறு ஆண்டுகள் உறங்க விடாதீர்கள். அடுத்து ஒவ்வொரு தாய்க்கும், ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுங்கள். அதற்கான பணத்தை மேலே இருந்து வரியாக வாங்குங்கள்.

வாக்குச்சாவடியிலே ஏழையின் விரலில் மை வைக்கும்போது, நீ ஏழையா பணக்காரனா என்று யாரும் கேட்பதில்லை. ஆளுக்கு ஒரு வாக்கு என்று எழுதிவைத்த நாடு இது. அந்த விரலுக்கு வாக்கு உண்டு என்றால், அந்த வயிற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைக் கேட்டுப் பெறும் வரை நாம் ஓயப்போவதில்லை.